இலட்சுமிப்பிள்ளையின் பெருவிரல்

மட்டக்களப்பு வவுணதீவில் இலட்சுமிப்பிள்ளைக்கு வாய் நீளம் என்று பெயர். வயல் வட்டையில் தன் வரம்பை வெட்டி நகர்த்தியவனை ஊர் நடுவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டவள். புருசன் செத்த பிறகு, தாய்வழியில் வந்த வயலைத் தானே நின்று செய்தாள். மகள் வதனியைக் கம்பசுக்கும் அனுப்பிப் படிப்பித்தாள். அப்பேர்ப்பட்ட வாயை ஒரு கட்டுவிரியன் அடைத்துவிட்டது.

யானைக் காவலுக்கு வயல் குடிசையான வாடியில் பாய் விரித்துப் படுத்தவளுக்குக் கடித்ததே தெரியாது. விடிய வயிறு வலித்தபோது பழஞ்சோறு செய்த வேலை என்று நினைத்தாள். பிறகு இமை இறங்கியது, நாக்குத் தடித்தது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மூச்சும் திணறியது. தொண்டைக்குள் குழாய் விட்டு மெசினில் போட்டார்கள்.

மருந்து ஏற்றியும் உடம்பு அசையவில்லை. ஏறாவூர் நர்ஸ் முப்லிஹா வதனிக்கு விளக்கினாள்: “நஞ்சில இருக்கிற புரதம் நரம்பு நுனியை அழிச்சுப்போடும் மகள். தசைக்குக் கட்டளை போகாது. அழிஞ்சதை மருந்தால திருப்ப ஏலா, அது புதிசா வளரணும். ஆனா மூளைக்கு ஒண்டுமில்ல. அம்மாக்கு எல்லாம் கேக்கும்.”

தம்பிக்காரன் வினாயகமூர்த்திக்கு இது மண்டையில் ஏறவில்லை. கட்டிலருகே நின்றே சொன்னான்: “அக்கா இனி எழும்பமாட்டா. வாற போகம் வயலை நான் விதைக்கிறன். நீ படிச்சுக் கிழிச்சது காணும் வதனி, மாப்பிள்ளை பார்ப்பம்.”

இருட்டுக்குள் கிடந்த இலட்சுமிப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடேய், நான் இன்னும் சாகல்லடா! உள்ளுக்குள் கத்தினாள். பாம்பின் மேல்கூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரமில்லை. கையை அதட்டினாள், கழுத்தை அதட்டினாள், இமையைத் திட்டித் தீர்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அவள் விடுவதாயில்லை. அன்றும் அடுத்தடுத்த நாட்களும் அதே வேலையாய்க் கிடந்தாள்.

வினாயகமூர்த்தி மறுபடி வந்து, வயலை உழ ட்ராக்டர் பேசிவிட்டதாகச் சொன்னபோதுதான் போர்வைக்கு வெளியே அவள் வலது கால் பெருவிரல் ஆடியது.

“அம்மா!” என்றாள் வதனி.

“அது சும்மா நரம்பு இழுக்குது” என்றான் மாமன்.

“அம்மா, நிப்பாட்டுங்க.”

விரல் நின்றது. வினாயகமூர்த்தியின் முகம் செத்துப்போனது.

வதனி காலருகே குனிந்தாள். “மாமாக்கு வயலைக் குடுக்கிறதெண்டா சும்மா இருங்கம்மா. இல்லையெண்டா ஆட்டுங்க.”

அந்த விரல் ஆடிய ஆட்டத்தை வார்டே பார்த்தது. வினாயகமூர்த்தி கதவைத் தாண்டிப் போன பிறகும் அது நிற்கவில்லை.