இரண்டு ஆண்கள் சேர்ந்து வந்தால்

நான் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணுக்கு முப்பத்தாறு வயது. அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. அன்றைக்கு என்னை ஒழுங்காகப் பார்த்தது மகள்தான். தாய் பெரும்பாலும் குசினிக்குள் நின்று றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மொன்றியல் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாற்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. என் அண்ணனுக்குத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது, கார்ட்டியர்வில் பக்கம் ஒருவர் இருக்கிறார், கணவர் மாரடைப்பில் போய்விட்டார், மன்னார் ஆட்கள், எங்கள் வேதம்தான் என்று சொன்னார். மாப்பிள்ளை தனியாகப் போய் நின்றால் மதிப்பில்லையாம். அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேருக்கும் ஒரே கடையில் வாங்கிய நீலக் கோட், ஒரே அப்பனிடமிருந்து வந்த மீசை.

தாய் சுற்றி வளைக்கவில்லை. தனக்கு மறுப்பில்லை, ஆனால் பிள்ளை ஓம் என்றால்தான் ஓம் என்று தேத்தண்ணீரை வைக்கும்போதே சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. ஆளையும் பிடித்துவிட்டது. இவ்வளவு காலம் நிம்மதியாகத் தனியே இருந்தவனுக்கு, வாடகை அறைக்குத் திரும்பிப் போக முதல் தடவையாக மனம் வரவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மகளின் கெட்டித்தனத்தை வந்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை தாய்க்கு. வகுப்பில் பேசப்போவதைச் சொல்லிக் காட்டும்படி கேட்டார். பிள்ளை அறைக்குள் போய் ஒரு பெரிய கடதாசி மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு சிங்கம் ஒட்டியிருந்தது. எங்கள் ஆட்களுக்குச் சிங்கம் என்றால் இலங்கைக் கொடியில் வாளோடு நிற்பதுதான். உலகத்தில் வேறு மிருகம் கிடைக்கவில்லையா என்று அண்ணன் என் காதுக்குள் கேட்டார்.

அவள் பிரெஞ்சில் பேசினாள். தாய்க்குப் பாதி விளங்கும். அண்ணனுக்குப் பொன்ஜூர், மெர்சி இரண்டையும் தாண்டி ஒன்றும் விளங்காது. ஆகவே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். களஞ்சியத்தில் வருடக்கணக்காகப் பிரெஞ்சில் ஏச்சு வாங்கிய எனக்கு முழுவதும் விளங்கியது.

ஆண் சிங்கம் ஒரு நாளில் இருபது மணித்தியாலம் படுத்திருக்கும். வேட்டையில் பெரும்பங்கு பெண்களுக்கு, சாப்பாட்டில் முதலிடம் ஆணுக்கு. கூட்டத்துப் பெண்கள் எல்லாம் தாயும் மகளும், அக்காவும் தங்கச்சியும். ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுக்கும். ஆண்கள்தான் வெளியிலிருந்து வருவது. அவை பெரும்பாலும் தனியே வருவதில்லை. அண்ணன் தம்பியாக இரண்டு, மூன்று சேர்ந்து வரும். இருக்கிற ஆணைத் துரத்தும். பிறகு அவனுடைய குட்டிகளைக் கடித்துக் கொல்லும். பால் குடிக்கிற குட்டி இருக்கும்வரை தாய் புது ஆணுடன் சேராது என்பதுதான் காரணம்.

இந்த இடத்தில் அவள் மட்டையைப் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அண்ணன் தலையாட்டி, நல்லது, நல்லது என்றார்.

தாய்ச் சிங்கங்கள் பார்த்துக்கொண்டா இருக்கும் என்று நான் தமிழில் கேட்டேன். ஒளித்துவைக்கும், எல்லாம் சேர்ந்து சண்டை பிடிக்கும், குட்டிகள் கொஞ்சம் வளர்ந்திருந்தால் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போய்விடும் என்றாள். சண்டையில் வெல்லுமா என்றேன்.

"ஒரு ஆம்பிளை எண்டால் துரத்தலாம். ரெண்டு பேர் எண்டால் கஷ்டம்."

காரில் ஏறியதும் அண்ணன் காயா பழமா என்று யோசிக்கவே இல்லை. பழம் என்று முடிவுகட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு தனியாகப் போகிறேன் என்றேன். முறை தெரியாதவன் என்று கோபித்துக்கொண்டு கனநாள் என்னோடு பேசாமல் இருந்தார். முறைப்படி சோடியாக வருகிற சிங்கங்கள்தான் பிள்ளைகளைக் கொல்கின்றன என்று அவருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் தனியாகப் போனேன். கிழமை நாட்களில் வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியில் சிங்கம் தேடிப் பார்த்தேன். எனக்கு அந்த மிருகத்தின்மேல் பெரிய மரியாதை வரவில்லை. பாயும் பாய்ச்சலில் பாதிக்கு மேல் வீண். கழுதைப்புலி பிடித்த இரையைப் பறித்துச் சாப்பிடும். காட்டுக்கு ராஜா என்கிறோம், அது இருப்பதோ புல்வெளியில். இதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னால், தெரியும் என்பாள். குளிர் காலம் போய் வாசலில் பனி உருகத் தொடங்கியது. பிள்ளை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று தாய் ஒவ்வொரு ஞாயிறும் கதவடியில் நின்று சொன்னார். எனக்கும் மெல்ல மெல்ல நம்பிக்கை விட்டுக்கொண்டு வந்தது.

ஒருநாள் நானே கேட்டேன். நான் என்ன பிழை விட்டேன், கடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லையே என்றேன்.

"வந்த உடனை கடிக்காது," என்றாள். "முதல் எல்லா இடத்திலையும் போய்த் தன்ரை மணத்தைப் போடும். பழைய ஆளின்ரை மணம் இல்லாமல் போகோணும்."

நான் அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்றேன். உண்மையாகவே நொந்துபோய்விட்டது. அவள் சுவரைக் காட்டினாள். இயேசுவின் திரு இருதயப் படத்துக்கும் மணிக்கூட்டுக்கும் நடுவில் ஓர் ஆணி இருந்தது. அதன் கீழே ஒரு சதுரம் மட்டும் மற்றச் சுவரைவிட வெளுப்பாக இருந்தது. இத்தனை ஞாயிறும் அதற்கு எதிர்க் கதிரையில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டிருக்கிறேன்.

"நீங்கள் வாற நாளிலை அம்மா அப்பாவைக் கழட்டி வைப்பா."

தாய் குசினி வாசலுக்கு வந்து நின்றார். எனக்கு ஒரு மாதிரி இருக்குமே என்று நினைத்தாராம். நான் போன பிறகு திரும்ப ஆணியில் கொழுவிவிடுவாராம். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. என்னால் ஒரு மனிதர் கிழமைக்கு ஒருமுறை அலுமாரிக்குள் இருந்திருக்கிறார். அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னேன். படத்தில் அவர் சட்டை மடிப்புக் கலையாமல், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முகத்தோடு இருந்தார். நல்ல மனிதர் என்று பட்டது. இருந்திருந்தால் பழகியிருப்பேன்.

கதிரையில் ஏறி நானே கொழுவினேன். பிள்ளை கீழே நின்று கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேராக வந்ததும் தள்ளிப்போய் நின்று பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"உங்கட படத்தை எங்கை கொழுவுறது?"

"இப்பிடித் தனியப் படம் கொழுவுறது செத்துப்போன ஆக்களுக்குத்தான்," என்றேன்.

அவள் தகப்பனின் படத்தைப் பார்த்தாள். இன்னும் கதிரையில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு வேண்டாம்," என்றாள். குசினிப் பக்கம் திரும்பி, "ஓம் அம்மா," என்றாள்.