வேடு கட்டிய காற்று

காற்றை எடை போட முடியும் என்று சந்திரலேகா சொன்னால் அவள் சொந்தக்காரர்களே நம்பமாட்டார்கள். வரிச்சிக்குடியில் நாற்றங்காலும் நடவுமாகக் காலம் தள்ளிய குடும்பம். நெல்லை எடை போடுவார்கள், உரத்தை எடை போடுவார்கள். காற்றை எடை போடுகிறேன் என்று ஒரு பெண் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "நம்ம லேகா காத்தை மூட்டை கட்டி விக்கப் போவுது" என்று சித்தப்பா சோமு கல்யாணப் பந்தியில் எடுத்துவிடுவார். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். காரைக்காலில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி, விடைத்தாள் திருத்தி, வீட்டு வேலையும் முடித்து மிஞ்சுகிற நேரத்தில்தான் அவளுடைய ஆராய்ச்சி.

கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும் தூசுதான் அவள் பாடம். வெள்ளை வெளேரென்ற ஒரு வட்டத் தாளை எடை போட்டுக் கருவிக்குள் வைப்பாள். சின்ன பம்ப் ஒன்று காற்றை அந்தத் தாள் வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் கழித்துத் தாளை எடுத்து மறுபடி எடை போட்டால், கூடியிருக்கும் எடைதான் அந்த ஊர்க்காரர்கள் மூச்சோடு உள்ளே இழுத்த அழுக்கு. விஷயம் இவ்வளவுதான். இதை விளங்க வைக்கத்தான் அதிகாரிகளிடம் அவள் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேச வேண்டியிருந்தது.

கீழவெளியில் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. அது இரண்டாவது உலை போட அனுமதி கேட்டது. ஏற்கெனவே இருக்கிற ஓர் உலைக்கே அந்தத் தெருவில் காய்கிற வேட்டி சாம்பல் நிறமாகிவிடும். பிள்ளைகளுக்கு இருமல் நின்றபாடில்லை. தெருவே திரண்டு போய் மனு கொடுத்தது. "காத்து மோசம்னு சும்மா சொன்னா ஆச்சா? அளந்து வச்சிருக்கீங்களா?" என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அளக்க வேண்டியவர் அவர்தான் என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

நான் அளக்கிறேன் என்று சந்திரலேகா முன்வந்தாள். எந்த அளவு வந்தாலும் மறைக்காமல் அப்படியே ஒப்படைப்பேன் என்று எழுதியும் கொடுத்தாள். ஆலைப் புகை வந்து இறங்குகிற திசையில் மாடி வைத்த வீடு அஞ்சுகத்தின் வீடு ஒன்றுதான். கணவன் மருதையன் வெளிநாட்டில் லாரி ஓட்டுகிறான். பள்ளிக்கூடம் போகிற மகள் தாமரைச்செல்விக்கு ஓயாத இழுப்பு. அரசு மருத்துவமனையில் புகை மருந்து பிடிப்பதற்காகவே தாயும் மகளும் பாதி நாள் பஸ்ஸில் கிடந்தார்கள். "எம்புள்ளைக்காவ வைக்கிற மிஷினுங்க டீச்சர். எங்கண்ணு மாதிரி பாத்துக்குவேன்" என்று அஞ்சுகம் கருவியை மாடிக்கு ஏற்ற ஒரு பக்கம் கைகொடுத்துத் தூக்கினாள்.

கோடை முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் சந்திரலேகா போனாள். திருநள்ளாற்றுக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏற முடியாது என்று ஸ்கூட்டியில் போவாள். போகுமுன் போன் செய்துவிடுவாள். அஞ்சுகம் மாடியைப் பெருக்கி வைத்து, டீயும் போட்டு வைத்திருப்பாள். சந்திரலேகா தாளை இடுக்கியால் எடுத்து, புதுத் தாளை வைத்து, பம்ப் சரியாக இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவாள்.

எடை மட்டும் ஏறவே இல்லை. முதல் வாரம் தராசின் மேல் சந்தேகப்பட்டாள். இரண்டாவது வாரம் பம்பைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. கடல் காற்று அள்ளிக்கொண்டு போகிறதோ, நாம்தான் ஆலை மேல் வீணாகப் பழி போடுகிறோமோ என்றுகூட யோசித்தாள். கண்ணால் பார்க்கிற புகையை நம்புவதா, கையால் போட்ட எடையை நம்புவதா? எடையைத்தான் நம்ப வேண்டும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். எழுதிக் கொடுத்தபடியே அந்த அளவுகளைக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தாள்.

கொம்யூன் பஞ்சாயத்துத் திருமண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதிகாரி அவள் அறிக்கையைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல அத்தனை சந்தோஷமாக வாசித்தார். "உங்க பக்கத்து டீச்சரே சொல்லிட்டாங்க, கீழவெளி காத்து சுத்தமான காத்து." தெருக்காரர்கள் ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். இரண்டாவது உலைக்கு அனுமதி வந்துவிட்டது.

கருவியைத் திரும்ப எடுத்து வரவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நிறுத்தவும் மனமில்லாமல் அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். ஒரு புதன்கிழமை, அந்தத் தெருவில் யார் முகத்திலும் விழிக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போன் செய்யாமல் கிளம்பினாள். அஞ்சுகம் வீட்டில் இல்லை. வெளிப்படி வழியாக மாடி ஏறினாள்.

மாடியில் வரிசையாக ஊறுகாய் ஜாடிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எலுமிச்சை, நார்த்தங்காய், உப்பு மாங்காய். தூசு விழாமல் ஒவ்வொரு ஜாடியின் வாய்க்கும் வெள்ளைத் துணியால் வேடு கட்டியிருந்தது. வரிசையின் கடைசியில் அவளுடைய கருவி நின்றது. காற்றை உள்ளே இழுக்கும் அதன் வாய்க்கும் அதே வெள்ளைத் துணியில் வேடு கட்டி, சுற்றிலும் சணல் போட்டு இறுக்கி முடிச்சிட்டிருந்தது. ஜாடித் துணிகள் சாம்பல் பூத்திருந்தன. கருவியின் துணியோ தோசைக்கல்லின் அடிப்பாகம் மாதிரி கருகருவென்று இருந்தது. தொட்டால் விரலில் இரும்புத் துகள் மினுங்கியது.

சந்திரலேகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோடை முழுக்க அவள் தேடிய எடை அந்தத் துணியில் இருந்தது. சனிக்கிழமைதோறும் விருந்தாளியாக அவள் வருமுன் அஞ்சுகம் அதை அவிழ்த்துத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். அஞ்சுகத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறகு அது தன் மேலேயே திரும்பியது. சொல்லிவிட்டு, சொன்ன நாளில் மட்டும் வந்து போனவள் அவள்தானே!

அங்கேயே உட்கார்ந்து அதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், நான் கொடுத்த அளவு தப்பு. கருவி மேல துணி கட்டியிருந்திருக்கு."

"என்ன துணி?"

"வேடு... ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுவாங்களே, அது."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "மேடம், கையெழுத்து உங்களோடது. ஆர்டர் போயாச்சு. இப்பப் போயி ஊறுகாய்க் கதை சொன்னா யாரு கேப்பா?"

"மறுபடி அளக்கணும் சார்."

"ரெண்டாவது உலை ஓட ஆரம்பிக்கட்டும், தாராளமா அளங்க." போனை வைத்துவிட்டார்.

கீழே கதவு திறந்தது. மகளைப் படுக்க வைத்துவிட்டு அஞ்சுகம் மாடிக்கு வந்தாள். அன்றும் மருத்துவமனைக்குத்தான் போய்விட்டு வந்திருந்தாள். அவளுக்கு மூச்சு இரைத்தது.

"அய்யோ, டீச்சர்! ஒரு போன் பண்ணக்கூடாதுங்களா? துணிகூட அழுக்கா கெடக்கு." அவசர அவசரமாக முடிச்சை அவிழ்க்கப் போனாள். "மொத நாளே நீங்க சொன்னீங்கள்ல, உள்ள இருக்குற தாளுல வெரல் பட்டாக்கூட கெட்டுப்போயிடும்னு? அதான் ஒரு பொட்டுத் தூசு அண்டவிடல நானு."

அஞ்சுகம் கருத்த துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மிஷின் சொன்ன பெறகுதாங்க எனக்கே வெளங்குச்சு. காத்துமேல ஒரு குத்தமும் இல்ல. எங்கப்பாவுக்கும் கொஞ்சம் இழுப்பு இருந்துச்சு. என் ரத்தத்துலேருந்துதான் புள்ளைக்கு வந்துருக்கு. அவளைப் பெத்த நான்தான் காரணம். அதுக்கு ஆலைக்காரனைப் போயி திட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

இதைக் கேட்டுவிட்டு வாய்மூடி இருக்க சந்திரலேகாவால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இவள் தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால் காலத்துக்கும் இந்தப் பழியைச் சுமப்பாள். பாதியை மட்டும் சொன்னாள்.

"இல்லக்கா. உங்க ரத்தத்துல ஒண்ணுமில்ல. காத்துதான் கெட்ட காத்து. மிஷின்தான் தப்பா சொல்லிடுச்சு."

அஞ்சுகம் கருவியைப் பார்த்தாள். கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்லச் செத்துப்போனது. தெரிந்துவிட்டது என்றே சந்திரலேகா நினைத்தாள்.

"நான் பயந்தது சரியாப் போச்சு" என்றாள் அஞ்சுகம். தலையில் அடித்துக்கொண்டாள். "ஒத்தை மடிப்பாதாங்க கட்டுனேன் டீச்சர். தூசு உள்ளப் பூந்து மிஷினைக் கெடுத்துடுச்சு. நான் ரெண்டு மடிப்பா கட்டியிருக்கணும்."