வண்டி சரியில்லை

இன்று காலையும் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இந்த மாதத்தில் எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் இல்லையா? முட்டிவலிக்காக டாக்டரிடம் போக வேண்டிய நேரம் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஃபோன் செய்ததும் பைக்கில் வந்தார் மெக்கானிக். கையடக்கமாக ஒரு பெட்டி வைத்திருந்தார். அதிலிருந்து இரண்டு கிளிப்பை எடுத்து மாட்டினார், வண்டி உறுமியது.

"பேட்டரி நல்லாதான் இருக்குது மேடம். வண்டி நிக்கும்போது உள்ள ஏதோ ஒண்ணு கரன்ட்ட இழுத்துனே இருக்குது. ரெண்டு நாள் நம்ம கடைல வண்டிய விடுங்க, பாத்து சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. துடைக்க என்ன இருக்கிறது? இப்போதைய பேட்டரியை யாரும் திறப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. அதற்கு வாசனையே கிடையாது.

எனக்குத் தெரிந்த பேட்டரிகளுக்கு வாசனை உண்டு. ஆசிட் வாசனை. மழையில் நனைந்த இரும்பு கேட்டை நாக்கால் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி. (தொட்டிருக்கிறேன். எந்த வயதில் என்று கேட்காதீர்கள்.) 'உள்ள ஏதோ இழுக்குது' என்ற வாக்கியத்தை நான் முதலில் கேட்டதும் அந்த வாசனைக்கு நடுவில்தான், எங்கள் வீட்டு ஷெட்டில்.

வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருந்தது. அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். வீடு முழுக்க அந்தத் தோலின் தூசி. என் காலேஜ் சர்ட்டிபிகேட்டைப் பிரித்தால் இன்றைக்கும் ஒரு தும்மல் வரும். ஹாலும் இரண்டு அறையும் கொண்ட அந்த வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், நான். அத்தனை பேருக்கும் நடுவில் ஒரு வைகாசி மாதம் ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தாள் என் அக்கா வசந்தா.

அக்காவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. வெளியே சொல்ல ஒரு காரணம் இல்லை. "என்னதான்டி குறை?" என்று அம்மா கேட்டபோது அக்கா சொன்னது இதுதான்:

"அந்த வூட்ல என்கிட்ட யாரும் பேசறதில்லம்மா. அவரும்."

"இதெல்லாம் ஒரு குறையா?" என்றாள் அம்மா. கெட்டவள் இல்லை, பயந்தவள்.

அங்கே யாரும் பேசவில்லை. இங்கேயோ பேச்சு நிற்கவில்லை. வசந்தா, பால் பொங்குது பாரு. வசந்தா, சட்டைக்குப் பட்டன் தைச்சுக் கொடு. அத்தை, சடை போட்டு விடு. திரும்பி வந்தவள் எந்த வேலையையும் முடியாது என்று சொல்ல முடியாதில்லையா? விடிந்ததிலிருந்து அந்தப் பெயர் வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி ஓடியது. கூப்பிட்டவர்களில் நானும் உண்டு. அப்போது எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்களிடம் நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்க வீட்டுக்கு வந்து, "வசந்தாக்கா, காப்பி" என்று உட்கார்ந்துவிடுவேன்.

வண்டிக்கு வருகிறேன். ஒரு வெள்ளை அம்பாசிடர். முன்பு டாக்சியாக ஓடியதோ என்னவோ, டேஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன் பொருத்தியிருந்தார்கள். சாவி போடாமலே பாடும் ரேடியோவும் இருந்தது. அப்பா மார்க்கெட்டுக்குப் போகும் நாட்களில்தான் அதை எடுப்பார். மற்றபடி வீட்டுக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட ஷெட்டில் இரண்டு கதவும் சாத்தியபடி நிற்கும்.

அந்த வைகாசியில்தான் வண்டி காலை வேளைகளில் சாக ஆரம்பித்தது. நேற்று ஓடியிருக்கும், இன்று ஊமை. அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த அன்வர் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். கார் எலக்ட்ரிக் வேலையில் ஊரிலேயே பெயர் பெற்றவர். ஓயாமல் பேசுகிறவர்.

"சார்ஜ் கம்மி, டிஸ்சார்ஜ் ஜாஸ்திங்க. உள்ள ஏதோ இழுக்குது" என்றார்.

முதலில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். பிறகு டெர்மினலில் உப்புப் பூத்தமாதிரி படிந்திருந்ததை வெந்நீர் விட்டுக் கழுவினார். டைனமோவைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனார். கடைசியில் பேட்டரியையே மாற்றிப் பார்த்தார்கள். புதுசும் செத்தது. ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, ஒரு சின்ன பல்பை வைத்துச் சோதித்தார். பல்பு எரியவேயில்லை.

"எதுவுமே இழுக்கலியே" என்று தன் பல்பைச் சந்தேகமாகப் பார்த்தார். அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை.

இடையில் தள்ளுவதுதான் வழி. அப்பா ஸ்டியரிங்கில், அண்ணனும் பால்காரரும் பின்னால், வேலைக்குக் கிளம்பிய நான் இஸ்திரி போட்ட புடவையோடு ஓர் ஓரத்தில். ஆசிரமத்துக்குப் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒருநாள் தானே வந்து கைகொடுத்தார். தள்ளி முடித்ததும் எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நாங்கள் ஏதோ நேர்த்திக்கடன் செய்கிறோம் என்று நினைத்திருப்பாரோ என்று இன்றும் எனக்கொரு சந்தேகம்.

ஆனி மாதக் கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. அப்பா அவர் எதிரில் நாற்காலியில்கூட உட்கார மாட்டார். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சூட்கேஸில் துணியை மடித்து வைத்தாள்.

போகிற காலையில் பூ, பழம், டிபன் பாத்திரம் எல்லாம் பின்சீட்டில் ஏறிவிட்டன. பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அப்பா போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டக்' சத்தம்கூட வரவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் தள்ளினோம். மற்ற நாட்களில் கொஞ்சம் இருமியாவது காட்டும். அன்று ஒன்றுமேயில்லை, கல்லாகக் கிடந்தது.

"வேற வண்டி பாக்கட்டுங்களா?" என்றான் அண்ணன்.

பெரியப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "வேணாம். சகுனமே சரியில்ல. நாளன்னிக்கு ஆடி பொறக்குது. ஆவணில பாத்துக்கலாம்."

அக்கா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நிமிஷமே அம்மாவின் குரல் கேட்டது: "வசந்தா, அந்தப் பூவத் தண்ணி தெளிச்சு வை."

ஆடியில் ஒருநாள் விடுதி முதலாளியின் வீட்டில் விசேஷம் என்று எங்களை மதியமே அனுப்பிவிட்டார்கள். உச்சி வெயில். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவை மட்டும் காணோம். பின்பக்கம் போனபோது ஷெட்டுக்குள்ளிருந்து மெல்லிசாகப் பாட்டு வந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தேன்.

அக்கா வண்டியின் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் குட்டி ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி, காலைத் தூக்கி சீட்டில் வைத்திருந்தாள். அழவில்லை. தூங்கவில்லை. நான் பார்த்ததும் அவசரமாக எழுந்திருக்கவும் இல்லை.

"டெய்லியுமா?" என்றேன்.

"எல்லாரும் படுத்தப்பறம். ரெண்டு மணி நேரம் இருப்பேன்."

"அக்கா, பேட்டரி..."

"தெரியும்டி. மொத நாளே தெரிஞ்சிடுச்சு." ஃபேனைத் தன் பக்கம் திருப்பினாள். "அங்க யாரும் கூப்ட மாட்டாங்க. இங்க கூப்ட்டுனே இருக்காங்க. இதுக்குள்ளதான் சும்மா இருக்க முடியுது."

சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். காப்பி கேட்கவில்லை. அதுவரையில் நான் அக்காவுக்குச் செய்த பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், துணி எடுக்க மாடிக்குப் போனபோது அப்பாவைப் பார்த்தேன். ஷெட் கதவுக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றிருந்தார். உள்ளே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கையைக் கதவில் வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டு, சூட்டில் காலை மாற்றி மாற்றி வைத்து, ஓசைப்படாமல் திரும்பி நடந்தார்.

அன்று சாயங்காலம் அன்வர் பாய் புதிதாக ஏதோ யோசனையோடு வந்தார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"இனிமே பாக்க வேணாம் பாய். கண்டுபுடிச்சிட்டேன்."

"என்னங்க அது?"

"டிக்கில ஒரு லைட் எரிஞ்சினே இருந்துச்சு."

அன்வர் பாய் அப்பாவைப் பார்த்தார். "இந்த வண்டி டிக்கில ஏதுங்க லைட்டு?"

"இருந்துச்சு பாய்" என்றார் அப்பா. "எனக்கு ஒரு பழைய பேட்டரி வேணும். ஓட்றதுக்கு இல்ல, சும்மா ஸ்பேருக்கு."

அதற்கப்புறம் ஷெட்டில் எப்போதும் இரண்டு பேட்டரி இருந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற காலையில் அப்பா நல்லதை மாட்டிக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுவார். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கனத்தை சைக்கிள் கேரியரில் கட்டிச் சார்ஜுக்குக் கொண்டுபோவார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆசிட் பட்டு வேட்டியெல்லாம் பொத்தல். "என்ன வண்டியோ, என்ன எழவோ" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்பா கேரியரில் கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பார்.

ஆவணி வந்தது. பெரியப்பாவும் வந்தார்.

"என்னப்பா, வர்ற புதன்கிழமை பொண்ணக் கொண்டுபோய் வுட்றலாமா?"

அப்பா நின்றபடியே சொன்னார். "வண்டி சரியில்லண்ணா."

அன்று காலையில்தான் அப்பா அதே வண்டியில் கீழ்பென்னாத்தூர் மார்க்கெட்டுக்குப் போய் வந்திருந்தார். வாசலில்தான் நின்றது. உள்ளே வரும்போது அதைச் சுற்றிக்கொண்டுதான் பெரியப்பாவும் வந்திருக்க வேண்டும்.

"வாசல்ல நிக்குதே."

"நிக்குது. சரியில்ல."

"பஸ்ஸு இருக்குதுல்ல?"

அப்பா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, பெரியப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "சரியில்லண்ணா" என்றார் மறுபடியும். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது. பெரியப்பா காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அப்புறம் பல வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது அப்பாவுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு நடந்தவை சாதாரணம். நான் வேலை பார்த்த விடுதியிலேயே அக்காவுக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போனாள். கோர்ட்டில் விவாகரத்தும் முடிந்தது. மாப்பிள்ளை வேறு கல்யாணம் செய்துகொண்டார்; பிள்ளைகள் உண்டு என்று கேள்வி. அக்கா செய்துகொள்ளவில்லை. இன்றும் ஓசூரில் தனியாகத்தான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

இன்று மதியம் அவளைக் கூப்பிட்டு என் கார் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

"நீயும் உள்ள ஒக்காந்துனு ரேடியோ கேக்கறியா?"

சிரிப்பு அடங்கியதும் அவளே தொடர்ந்தாள்.

"கீழ்பென்னாத்தூர் போறதுக்கு இருந்தமே, ஞாபகம் இருக்குதா? அதுக்கு மொத நாள் மத்தியானம் நான் ஹெட்லைட்டையும் போட்டு வுட்டுட்டு வந்துட்டேன்."

"மறந்தா?"

"மறக்கல."

இத்தனை வருடத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அன்னிக்கு எல்லாரும் தள்ளி ஓஞ்சப்பறம் டிபன் பாத்திரம் எடுக்க நான்தான் வண்டிகிட்ட போனேன். லைட் சுவிட்ச் அணைச்சிருந்துச்சு. காலைலருந்து அந்த சீட்டுல அப்பாவத் தவிர யாரும் ஒக்காரல."

உடம்பைப் பார்த்துக்கொள் என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தோம்.

அப்பா போய் வருடங்களாகின்றன. அம்பாசிடர் அதற்கும் முன்பே எடைக்குப் போனது. ஷெட்டை இடித்துவிட்டு அண்ணன் அங்கே இரண்டு அறைகள் கட்டியிருக்கிறான். மௌனமாக இருக்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் மாத வாடகைக்குத் தங்குகிறார்கள். போன வாரம் போயிருந்தபோது அதில் ஓர் அறையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். சரி என்று தலையாட்டிவிட்டு, தரையை ஒருமுறை பார்த்தேன். டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். ஆசிட் சிந்தி வெளுத்திருந்த சிமென்ட் தரை அதற்கு அடியில் எங்கேயோ இருக்கிறது.