ஏரிக்கரையில் கொட்டிய தோல்

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் கழிவை ஏற்றி அனுப்புகிற வேலை இருதயராஜுக்கு. வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகள் காண்டிராக்டர் லாரியில் ஏறிவிட்டால் அவர் பாடு முடிந்தது. லாரி எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை. கம்பெனிக்குள் ஒரு துண்டைக் கொளுத்தினாலும் வேலை போய்விடும். குரோம் போட்டுப் பதனிட்ட தோலின் புகை உடம்புக்கு ஆகாது என்று தொழிலாளர்களுக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான்.

2002-இல் தையல் பிரிவுக் கமலம் தன் மகளின் காதுகுத்துக்கு அழைத்திருந்தாள். ஒடுகத்தூரைத் தாண்டி உள்ளே தள்ளிய ஊர். கைகழுவக் கொல்லைக்குப் போனவருக்கு முடி கருகுகிற நாற்றம் அடித்தது. வெந்நீர் அண்டாவின் அடியில் தோல் துண்டுகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து மூட்டையில் அவர் கம்பெனியின் முத்திரை. கமலத்தின் மாமியார் கெங்கம்மாள் இருமிக்கொண்டே இன்னும் சில துண்டுகளை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

“உங்க கம்பெனி புண்ணியத்துல வெறகு பேஜாரே இல்ல சார். லாரிக்காரன் ஏரிக்கரையில கொட்டிட்டுப் போறான், நாங்க வாரிக்கிறோம்.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

மறுநாள் மேனேஜர் ரஷீத் அஹமதிடம் போய் நின்றார்.

“கேட்டைத் தாண்டினா காண்டிராக்டர் பொறுப்புன்னு நீங்களே சொல்லுவீங்களே, இருதயராஜ்.”

“சொன்னேன் சார். ஆனா மூட்டையில நம்ம பேருதான் இருக்குது. லாரி குடுங்க, போய் எடுத்தாந்துடறேன்.”

விடாமல் நச்சரித்த பிறகே லாரி கிடைத்தது. தோலுக்குப் பதிலாக ஊராருக்கு விறகாகக் கொடுக்க, உடைந்த பேக்கிங் பலகைகளை ஏற்றிக்கொண்டு போனார். கெங்கம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நல்லாத்தான எரியுது? ஏன் சார் எடுத்துட்டுப் போறீங்க?”

“அந்தப் பொகை விஷம்மா.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“முன்னாடியே தெரியும். இங்க வருதுன்னு காதுகுத்து அன்னிக்குத்தான் பாத்தேன்.”

“பாத்துட்டு சும்மாவா போனீங்க? கொழந்தைங்க எல்லாம் அடுப்பாண்டதான இருந்திச்சிங்க.”

அவர் பலகைகளை இறக்கிவைக்கத் தொடங்கினார். அவள் திட்டவில்லை. மூட்டைகளைத் தானே இழுத்து வந்து லாரியருகே போட்டாள்.

அடுத்த வருடம் முதல் துண்டுகளை, அவற்றை அரைத்துத் தோல் அட்டை செய்யும் ஆலைக்குக் கம்பெனி லாரியே கொண்டுபோனது. இருதயராஜும் கூடவே போய் இறக்கிவிட்டு வந்தார். கமலம் வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. அவர் மனைவி ஜெபகனியை மட்டும் அனுப்பிவைத்தார்.