அழகையாவின் கறுப்புத் தாள்

சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில், என் பக்கத்து வீட்டில் குடியேறியவர் அழகையா. அங்கே மலை மேலிருந்து விறகுக் கட்டைகளைத் தகரச் சறுக்கில் தள்ளிவிடுவது அவர் வேலை. கீழே நிற்கும் ஆள் "வரலாம்!" என்று குரல் கொடுத்த பிறகுதான் அடுத்த கட்டையைத் தள்ளுவார்களாம். அவர் மேலே நின்றே பழகியவர்.

தாயில்லாப் பிள்ளை அவர் மகள் சின்னம்மை. "சிலோன்காரி" என்று சொல்லி ஒரு பிள்ளையும் அவளை விளையாட்டில் சேர்க்கவில்லை. அதனால்தான் வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில் தண்ணீர்ச் சறுக்கு கட்ட இறங்கினார். வேகமாக இருந்தால்தான் பிள்ளைகள் தேடி வருவார்கள் என்பது அவர் எண்ணம்.

முதலில் தகரம் போட்டார். ஓரம் கையைக் கிழித்தது. மூங்கில் தட்டி விரித்தார். சிலாம்பு சதையில் குத்தியது. தார்ப்பாய் மடிந்து மடிந்து பாதியிலேயே நிறுத்தியது. கடைசியில் குந்தா அணைக்கட்டு வேலையிடத்தில் சிமெண்டு மூட்டைகளை மூடியிருந்த கறுப்பு பாலிதீன் தாளைக் கேட்டு வாங்கி வந்தார். அதை விரித்து, தண்ணீர் விட்டு, சவுக்காரம் தேய்த்தார். மகள் எடைக்கு மண் நிரப்பிய சாக்கை அதில் விட்டார். சாக்கு கீழே வெட்டியிருந்த தண்ணீர்க் குழியைத் தாண்டிப் பறந்து, தேயிலைச் செடியில் மோதிப் பிளந்தது. அந்தச் செடிக்கு அப்பால் பள்ளம்.

"ஏனுங்கண்ணா, வேண்டாமுங்க. பள்ளம் பக்கத்துலயே இருக்குதுங்க" என்றேன்.

"சாக்குக்குக் கையா காலா இருக்கு தங்கச்சி, ஊண்டி நிக்க? நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் குழியைப் பெருசாக்குறேன்" என்று சிரித்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். மூடுபனி இறங்கிய பிறகும் போகவில்லை. ஒவ்வொருவராகப் பனிக்குள் மறைவார்கள். கீழே 'தொப்' என்று கேட்கும். சின்னம்மை போனாள். சத்தம் வரவில்லை.

"வரலாமா?" என்று கத்தினார் அழகையா. சறுக்கிய பிள்ளைகளெல்லாம் மேலே ஏறி வந்திருந்தார்கள்; கீழே பதில் சொல்ல ஆளில்லை.

இறங்கி ஓடினோம். குழிக்கு அப்பால் அந்தத் தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். கை ஒடிந்திருந்தது. கர்த்தர் அந்த ஒரு செடியை அங்கே வைத்திருந்தார்.

தாளை எரித்துவிடச் சொன்னேன். "நல்ல தாளு தங்கச்சி, எப்படி எரிக்கிறது?" என்று விறகுக் குவியலை அதனால் மூடினார். பிள்ளைகள் வருவது நின்றது. சின்னம்மை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கைக்கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வந்தேன். விறகு திறந்து கிடந்தது; தாளைக் காணோம். லயத்துக்கு முன்னால் போகும் ரோட்டுக்கு மேலே இருந்த சரிவில், பனிக்குள், பிள்ளைகளின் சிரிப்பு. "இப்பச் சின்னம்மை முறை! தள்ளுங்கடி!" முதல் தடவையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

என் கூச்சல் கேட்டு வந்த அழகையா மேலே ஏறவில்லை. சரிவு முடிகிற ரோட்டோரம் போய்க் கைகளை விரித்து நின்றார். "வராதே ஆத்தா! வராதே!"

தாள் சரசரத்தது. மகள் அவர் நெஞ்சில் வந்து மோத, இருவரும் மண்ணில் சரிந்தார்கள். அவர்கள் தலைக்குப் பின்னால் விளக்குப் போட்ட லாரி ஒன்று கடந்துபோனது. அதன் காற்று என் சேலையை இழுத்தது.

சின்னம்மை தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, இங்கேயே நில்லுங்க. நான் மறுபடியும் வாறேன்."