கிறிஸ்துமஸ் மேடையில் நான் நடந்த நடை

என் மகனை வீட்டைவிட்டு அனுப்பியது நான்தான். அடிக்கவில்லை, திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவுமில்லை. ஹாலில் பத்தடி நடந்து காட்டினேன்.

அந்த நடை என் சொந்தச் சரக்கல்ல. பெண்மை தெரியும் ஆணைக் கேலி செய்ய, படங்களில் காமெடி நடிகர்கள் இடுப்பை ஒடித்து, மணிக்கட்டைத் தொங்கவிட்டு நடப்பார்களே, அதுதான். நான் தாம்பரத்தில் கல்லூரி ஆசிரியன். எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வருடந்தோறும் நாடகம் எழுதுவேன். ஏரோது ராஜாவின் அரண்மனைச் சேவகனாக நானே அப்படி நடந்து வருவேன். அந்தக் கதையில் அவன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் தலைகாட்டும் முன்பே விசில் பறக்கும். முன்வரிசையில் என் மகனும் சிரிப்பான்.

அவனுக்கு இருபத்துமூன்று வயதானபோது, ஒரு ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் டிவியில் ஒரு வெப் சீரிஸ் போட்டான்.

"ஒரு எபிசோட் மட்டும் பாருங்கப்பா. எனக்காக."

இரண்டு இளைஞர்கள். ஒருவன் மற்றவனுக்காக பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கிறான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மகன் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் எழுந்தேன். டிவிக்குக் குறுக்கே அந்த நடையை நடந்தேன்.

"என்னடா, நம்ம சேவகனுக்கு ஜோடி கெடச்சிருச்சா?"

மனைவி சிரித்தாள். அவனும் சிரித்தான். "ஒண்ணுமில்லப்பா, சும்மா போட்டேன்" என்று டிவியை அணைத்தான்.

அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து வருவது பெரிய பயணமில்லை. ஐந்து வருடமாக வரவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதை அவளிடம் சொல்லியும்விட்டான்.

"அன்னைக்கு உங்ககிட்ட அதச் சொல்லத்தான் உக்காந்திருந்தான். நானும் சேந்து சிரிச்சேனே" என்றாள் அவள்.

பிறகு ஒருநாள், பழைய நிகழ்ச்சி வீடியோக்களை பென்டிரைவில் போட்டுச் சபையில் கொடுத்தார்கள். ஒன்றில் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. மகனுக்குப் பத்து வயது இருக்கும். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் இடப்பக்கம் பார்க்கிறான், வலப்பக்கம் பார்க்கிறான், அப்புறம் சிரிக்கிறான். அந்த இடத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேனோ தெரியாது. தன்னைப் போன்ற ஒருவனை அவனுக்கு முதலில் காட்டியது நான்தான், அதுவும் கேலிப்பொருளாக. அதைக் கழுவ வேறொரு கதையைத் தானே தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறான்.

இப்போது எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நடந்தால் இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒடிகிறது. கண்ணாடிக் கதவு போட்ட கடைகளைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சேவகன் எனக்கு எதிரே வருகிறான்.

போன கிறிஸ்துமஸுக்கு வாலிபர் குழுவினர் வந்து கேட்டார்கள். "அந்த ஐட்டத்த ஒரு வாட்டி பண்ணுங்க சார். இப்ப நீங்க நடிக்கவே தேவையில்ல, கால் அதுவா செட்டாயிருச்சு."

ஒப்புக்கொண்டேன். மேடையேறி மைக் முன்னால் அசையாமல் நின்றேன். மகனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் அவன். "நான் நடந்து காட்டினப்போ, பக்கத்துல இருக்கவங்களப் பாத்துட்டு அப்புறமா சிரிச்ச பிள்ளைங்க இங்க இருக்கலாம். அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றேன். எங்கோ சிலர் சிரித்தார்கள். உடனே கீபோர்டில் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்த போதகர் எனக்குக் கொடுக்க மறந்தார்.

யாரோ போனில் எடுத்தது மகனுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலை என்னை அழைத்தான்.

"வீடியோ பாத்தேன். சிரிக்கிறாங்களேப்பா?"

"அதையும் காமெடின்னு நெனச்சுட்டாங்கடா."

"பக்கத்துல பாத்துட்டு சிரிச்சிருப்பாங்க" என்றான்.

"வீட்டுக்கு வாயேன்டா."

"இப்ப வேணாம்பா. மொதல்ல அந்த சீரிஸ முழுசா பாருங்க. அப்புறம் பாக்கலாம்."

மொத்தம் எட்டு எபிசோட். மனைவியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து ஏழு பார்த்துவிட்டோம். எட்டாவதை இன்னும் போடவில்லை. அதையும் பார்த்து முடித்தபின் அவன் வராமலிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.