இரண்டு கல்லில் ஒரு பெயர்

புதுச்சேரியில் இறங்கிய அன்று, வழியில் எதிர்ப்பட்ட எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள். உடனே குனிந்து என் காலைப் பார்த்தார்கள். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வருகிறவளை நின்று பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். கால் எதற்கு என்றுதான் விளங்கவில்லை. நீண்ட நடைக்கு வசதி என்று மகள் எலோடி வாங்கிக் கொடுத்த ஊதா நிற ஷூதான் காரணம் என்று முடிவு செய்தேன். அறுபதைத் தாண்டியவளுக்கு இந்த நிறம் தேவையா என்று கடையிலேயே கேட்டிருந்தேன். நேரு வீதியில் ஒரு ஜோடி சாதாரணச் செருப்பு வாங்கி அங்கேயே மாற்றிக்கொண்டு, சம்பா கோவில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய தெருவுக்குள் நுழைந்தேன். இப்போது விரல்கள் வெளியே தெரிந்தன. முன்னைவிட நன்றாகப் பார்த்தார்கள். ஒரு வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை யாரோ மெல்லிய குரலில் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இந்த விடுமுறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலோடி பள்ளிக்கூட ஆசிரியை. பிரான்சில் அக்டோபர் கடைசியில் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை விடுவார்கள். அதற்குத் தூசேன் விடுமுறை என்று பெயர். புனிதர்களின் திருநாள் அது. அன்றைக்கு ஊரே சாமந்திப் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போகும். என் கணவர் அந்துவான் இறந்து மூன்று வருடமாகிறது. ஒவ்வொரு தூசேனுக்கும் நான் குளிரில் அவர் கல்லின் முன்னால் நெடுநேரம் நிற்பதை எலோடியால் பார்க்க முடியவில்லை. இந்த வருடம் அம்மாவைக் கல்லறைப் பக்கமே விடக் கூடாது என்று தீர்மானித்து இந்தியாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். நாட்களைப் பிரித்ததும் அவள்தான். புதுச்சேரி இரண்டு இரவு, தஞ்சாவூர் கொஞ்சம், மீதியெல்லாம் கேரளம். "இரண்டு இரவு தாராளம், மாமோன். அதற்குமேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்" என்றாள். மாமோன் என்றால் பிரெஞ்சில் அம்மா. விசாவில் பயண நோக்கம் சுற்றுலா என்று இருந்தது. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அம்மா இல்லை, வீட்டை விற்றாயிற்று, ஊரில் மிச்சமிருந்த பெரியம்மா மகன் சார்லும் தன் மகளோடு ரெயூனியோன் தீவுக்குப் போய்விட்டான். நம் ஊரில் கல்லறைத் திருநாள் வரும் நவம்பர் இரண்டாம் தேதி, நாங்கள் ஆலப்புழையில் ஒரு படகு வீட்டில் இருப்பதாகத் திட்டம். எலோடி அந்தத் தேதியைப் பார்த்துத்தான் படகைப் போட்டிருந்தாள்.

கடலோரத்து ஹோட்டலில் பயணக் களைப்பில் எலோடி தூங்க, அன்று மாலை நான் மட்டும்தான் தெருவுக்குப் போனேன். முனையில் பூக்கார அஞ்சலை அதே இடத்தில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன் தினமும் எனக்குப் பூ கொடுத்தவள். என்னைக் கண்டதும் அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்த நார் அப்படியே நின்றது. "எப்படி இருக்கே அஞ்சல?" என்றேன். அவள், நான் கேட்காமலே ஒரு முழம் சாமந்தி அறுத்து, என் கையில் தராமல் பலகையின் ஓரத்தில் வைத்துத் தள்ளினாள். பணம் நீட்டினேன். "வேணாம்மா, வேணாம்மா. நல்லபடியா போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். வந்தவுடனேயே போய்ச் சேரச் சொல்கிறாளே என்று சுருக்கென்றது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்; ஊரில் கால் வைத்ததும் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வியே எப்போது திரும்பிப் போகிறாய் என்பதுதான். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பழைய வீட்டுக்கு எதிரில் பிலோமினா அக்கா இருக்கிறார். எண்பது வயதாகியிருக்கும். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நான் பிரான்சுக்குப் போகும் முன்பே இறந்துபோனார். அந்தப் பென்ஷனில் அக்கா தனியாகக் காலம் தள்ளுகிறார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "வந்துட்டியா மதலேனு? உள்ள வா. கதவ சாத்தாத, தொறந்தே இருக்கட்டும்" என்றார். கையைப் பிடிக்கப் போனேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். காபி போட்டு எனக்கு எதிரில் ஸ்டூலில் வைத்துவிட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"குடிக்க முடியுமா உன்னால?"

"சர்க்கர போடலன்னா குடிக்கலாம்கா."

"அங்க ரொம்பக் குளிராமே?"

"ஆமாக்கா. இப்பவே ஆரம்பிச்சிருக்கும்."

"எல்லாரும் ஒன்னாதான் இருக்கறீங்களா?"

"எங்கக்கா ஒன்னா? ஆளுக்கொரு கதவ சாத்திக்கினு கெடக்கறோம். பக்கத்துல யாருன்னுகூடத் தெரியாது."

அக்கா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டுக்காரர எங்கனா பாத்தியா?" என்று கேட்டார்.  வயதாகி நினைவு தப்பிவிட்டது, கணவர் இன்னும் பிரான்சில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்த மாதிரி நேரத்தில் மறுத்துப் பேசக் கூடாது.

"இல்லக்கா. அது ரொம்பப் பெரிய ஊரு."

"அதான பாத்தேன். பாத்திருந்தா உங்கிட்ட சொல்லியனுப்பி இருப்பாரே. எத்தினி நாளு குடுத்திருக்காங்க உனக்கு?"

"ரெண்டு ராத்திரிதான்கா. அப்புறம் வேற எடத்துக்குப் போவணும்."

"ரெண்டுதானா? திருநாளுக்குக்கூட வுட மாட்டாங்களா?"

"அன்னிக்கி நாங்க தண்ணி மேல இருப்போம்கா."

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியது. என் மேல் இன்னும் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தேன். அன்று ஹோட்டலுக்குத் திரும்பியபோது எலோடி என் தலையில் இருந்த சாமந்தியைப் பார்த்துப் பதறிவிட்டாள். "மாமோன், அதை எடு. அது கல்லறைக்கு வைக்கிற பூ" என்றாள். அவளுக்கு அந்தப் பூவை வேறு எங்கும் பார்த்துப் பழக்கமில்லை.

கல்லறை என்றதும் அந்துவானின் கல் ஞாபகம் வந்தது. அவரை அடக்கம் செய்த வாரம், சலவைக்கல் கடைக்காரர் ஒருவர், காபிக்குப் பால் வேண்டுமா என்று கேட்கிற சாதாரணக் குரலில், "மதாமின் பெயரையும் சேர்த்து வெட்டிவிடலாமா?" என்று கேட்டார். அங்கே அது வழக்கம். கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரே கல்லில் வெட்டி, உயிரோடு இருப்பவருக்குப் பிறந்த வருடத்தை மட்டும் போட்டு, ஒரு கோடு இழுத்து, மீதியைக் காலியாக விட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால் அலைச்சல் இல்லை. நானும் சரி என்றேன். கல் வந்த அன்று என் பெயரையும் அந்தக் காலி இடத்தையும் பார்த்தபோது, உப்பளம் கல்லறையில் தனியாகக் கிடக்கும் அம்மாவின் நினைவு வந்து அழுகையாக வந்தது. இங்கே ஒரு இடம் பிடித்தாயிற்று, அங்கே அம்மாவோடு எனக்கு இடமில்லையா? அன்றைக்கே சார்லுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: அம்மாவின் கல்லில், அவள் பெயருக்குக் கீழே, என் பெயரையும் பிறந்த வருடத்தையும் வெட்டச் சொல். சார்லு ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஆள் பிடித்துச் சொல்லிவிட்டேன் என்றான். அடுத்த மாதமே அவன் ரெயூனியோனுக்கு விமானம் ஏறிவிட்டான்.

மறுநாள் காலை எலோடியோடு உப்பளம் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. திருநாளுக்காகக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்தில் அந்த வெள்ளை காயாமல் ஒழுகியது. அம்மாவின் கல்லின் முன்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்து, வெட்டிய எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ட் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பெயரை முடித்துவிட்டு என் பெயரின் கடைசி எழுத்தில் இருந்தார். அதன் கீழே இரண்டு வரி. பிறப்பு: புதுச்சேரி. இறப்பு: பிரான்சு.

"நீங்க இவங்களுக்கு என்னம்மா ஒறவு?" என்று கேட்டார், தூரிகையை எடுக்காமலே.

"சொந்தந்தான்" என்றேன். 

"மூணு வருசத்துக்கு முன்ன வெட்டச் சொன்னவங்க பேர மட்டும் குடுத்துட்டு, வருசம் தெரியாதுன்னுட்டாங்க. வெறும் பேர எப்படி வுடறது? ஊரு மட்டும் போட்டுட்டேன்" என்றார். நம் ஊரில் உயிரோடு இருக்கிறவள் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்? நான் பிரான்சுப் பழக்கத்தில் சொன்னதை அவர் புதுச்சேரிப் பழக்கத்தில் முடித்துவைத்திருந்தார். தெருக்காரர்கள் கல்லறைத் திருநாளுக்கு இங்கே வருகிறவர்கள், படிக்கத் தெரிந்தவர்கள். என் காலைப் பார்த்ததற்கு அர்த்தம் இப்போது புரிந்தது. அது தரையில் படுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். எலோடிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தவள் ஹோட்டல் வரும்வரை விடவில்லை.

அன்று மாலையே பிலோமினா அக்காவிடம் ஓடினேன். "அக்கா, நான் சாவல. கல்லுல தப்பா வெட்டிட்டாங்க. தோ பாருங்க, என் கையத் தொட்டுப் பாருங்க" என்று நீட்டினேன். அவர் தொடவில்லை. பயப்படவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அழும் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"அதுக்கு ஏம்மா அழுவுற? உங்க அம்மாவும் மொத வருசம் வந்து இப்படித்தான் சொன்னா. போவப் போவ சரியாயிடும்" என்றார்.

எதிரில் இருந்த எங்கள் பழைய வீட்டின் மாடியில் விளக்கு எரிந்தது. நான் திரும்பி வாசல் பக்கம் நடந்தேன். "திருநாளுக்கு எப்பவும் போல ஒனக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்தறேன். கவலப்படாத" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. தெருவில் இறங்கியதும் நானே என் காலைப் பார்த்துக்கொண்டேன். ஈரத் தரையில் செருப்பின் தடம் விழுகிறதா என்று திரும்பியும் பார்த்தேன். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை நாங்கள் தஞ்சாவூருக்குக் கிளம்ப வேண்டும். கார் வந்துவிட்டது. நான் பெட்டியை மூடவில்லை. நாட்களை மறுபடி பிரிக்க வேண்டும் என்று எலோடியிடம் சொன்னேன். தஞ்சாவூர் வேண்டாம், படகும் வேண்டாம், கல்லறைத் திருநாள் வரை இங்கே இருந்துவிட்டு மிச்ச நாளுக்குக் கேரளம் போகலாம் என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "இதிலிருந்து உன்னைத் தூரமாகக் கூட்டிப் போகத்தான் இவ்வளவும் செய்தேன்" என்றாள். பிறகு, "இந்த வருடம் அப்பாவிடம் யாரும் போகவில்லை. இங்கே மட்டும் நிற்பாயா?" என்று கேட்டாள். அது குத்தியது. அந்துவான் குளிரில் பூ இல்லாமல் கிடப்பார் என்பது எனக்குத் தெரியாதா? உள்ளதைச் சொன்னேன். அப்பாவின் கல்லில் எனக்கு இன்னும் இடம் காலியாக இருக்கிறது, அவர் காத்திருப்பார். இங்கே என்னை முடித்தே விட்டார்கள். ஆனால் முடித்துவிட்டு மறக்கவில்லை, எலோடி. அங்கே நான் உயிரோடு இருக்கும் வீட்டுக் கதவை மாதக் கணக்கில் யாரும் தட்டுவதில்லை. இங்கே செத்துப்போனவளுக்கு ஒருத்தி வருடம் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். அதை ஒரு முறை என் கண்ணால் பார்க்க வேண்டும்.  எலோடி எழுந்து போய்க் கீழே நின்ற காரை அனுப்பிவிட்டு வந்தாள். கல்லை உடனே திருத்தச் சொல் என்று மட்டும் கேட்டாள். திருநாள் முடியட்டும் என்றேன்.

நவம்பர் இரண்டாம் தேதி மாலை உப்பளத்தில் கால் வைக்க இடமில்லை. சுண்ணாம்பு வெள்ளையில் சாமந்தியும் ஊதுவத்திப் புகையும். கடல் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்களைக் கண்ட தெருக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். பிலோமினா அக்கா அம்மாவின் கல்லருகே உட்கார்ந்திருந்தார். "நாளு வாங்கிக்கினு வந்துட்டியா" என்றார், திருப்தியோடு. அம்மாவின் பெயருக்கு நேரே ஒரு மெழுகுவர்த்தி வைத்தார். என் பெயருக்கு நேரே இன்னொன்று. இரண்டையும் ஏற்றிவிட்டுத் திரும்பியபோதுதான் எலோடியைக் கவனித்தார். எழுந்து வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அவள் தலையைத் தடவினார்.

"பாவம். அம்மா இல்லாத புள்ள" என்றார்.

அவ்வளவு தமிழ் எலோடிக்குப் புரியும். முகம் வெளுத்து, என் இடது கையைப் பிடித்து இறுக்கினாள். அவள் நகம் பதிந்தது, வலித்தது. "போகலாம், மாமோன்" என்றாள் பிரெஞ்சில். அப்போது காற்று சுழன்று வீசி அம்மாவின் மெழுகுவர்த்தி அணைந்தது. என்னுடையது சாய்ந்து, நீலமாகச் சுருங்கி, போய்விடும் போலிருந்தது. நான் சட்டென்று குந்தி உட்கார்ந்து வலது கையை அதற்கு மறைப்பாக வைத்தேன். சுடர் நிமிர்ந்தது. உள்ளங்கையில் சூடு ஏறியது. எலோடி மறுபடி மறுபடி இழுத்தாள். அந்தக் கையை அவளிடமே விட்டுவிட்டேன். இந்தக் கையை எடுக்க என்னால் முடியவில்லை.